குடைக்கு மிரண்ட குதிரை

குதிரை ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது, "கடிக்குமாங்க?" என்பதுதான். தள்ளிவிடுமா என்று கேட்பவர்கள் கம்மி. கடிக்காது என்று சொன்னதும் முகம் தெளிந்துவிடும். அதற்குப் பிறகு எதையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுவது மனிதர்களின் வழக்கம், மேடம்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மைதானத்து நடுவில் நின்றுகொண்டே பேசிப் பழகியவன் நான். ஆனாலும் இன்று உட்கார்ந்துகொள்கிறேன். முதுகு வலிக்கிறது. சரியாகத் தூங்கியும் வெகு நாளாகிறது. எழ முடியாத ஒருவரைத் தூக்கி உட்கார வைப்பதும் புரட்டிப் படுக்க வைப்பதும் லாயத்து வேலையைவிடச் சிரமம். குறையாகச் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என் பெயர் சகாதேவன். சென்னையில் குதிரைப்படையில் காவலராக இருந்தேன். உங்கள் துறைதான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, என் மாமனார் கொடுத்த நிலத்தில் குதிரையேற்றப் பள்ளி ஆரம்பித்தேன். பௌர்ணமிக்கு மட்டும் வகுப்பு கிடையாது. பாதை முழுக்க ஜனமாக இருக்கும், குதிரைகளுக்கு அது ஆகாது. மற்ற நாளில் வேங்கிக்கால் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வருவார்கள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். கல்யாணத்துக்குக் குதிரைமேல் வர ஆசைப்படுகிற மாப்பிள்ளைகளும் வருவார்கள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கற்றுக்கொடுக்க முடியாது. புதியவருக்கு லகானைக் கையில் கொடுக்கவே மாட்டேன். குதிரையை நீளக் கயிற்றில் கட்டி, நடுவில் நான் நின்றுகொண்டு வட்டமாக நடத்துவேன். மேலே இருப்பவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால்தான் உடம்பு தானாக உட்காரப் பழகும். ஓரளவு தேறியவருக்கு அங்கவடியைக் கழற்றிவிடுவேன். கால் வைக்கிற அந்த வளையம் இல்லாமல் ஓட்டினால் தொடைக்குப் பலம் வரும். நன்றாகத் தேறியவருக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருக்கும். குதிரை ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்பே அது என்ன நினைக்கிறது என்று தன் உடம்பில் உணர வேண்டும். அந்த அளவுக்கு வந்தவர்களைக் கீழே விழவைப்பது சுலபமில்லை.

என் மகள் தென்றல் அந்த ரகம்.

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே என் மனைவி ராஜம்மாள் போய்விட்டாள். சிறுநீரகக் கோளாறு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறும்போது, "ரெண்டு நாள்ல வந்துடுவேன், அடுப்புல பால் இருக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. அதிலிருந்து நானும் பிள்ளையும் குதிரைகளும்தான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு சுற்று, வந்த பிறகு ஒரு சுற்று என்று குதிரைமேலேயே வளர்ந்தாள். வளர்ந்த பிறகு என்னைவிட நன்றாகக் கற்றுக்கொடுத்தாள். அதைச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. நான் சொன்னால் ஆட்கள் பயந்து செய்வார்கள். அவள் சொன்னால் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

வெள்ளையம்மாள் என்று ஒரு அம்மா வருகிறார்கள் இல்லையா, கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள், உங்களிடம் சாட்சி சொன்னவர்கள். ஐம்பது வயதுக்கு மேல் குதிரை ஓட்ட ஆசை வந்து எங்களிடம் சேர்ந்தார்கள். முதல் நாள் ஏணிப்படியில் ஏறி நின்றுகொண்டு சேணத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், உட்காரவே இல்லை.

"ஏம்மா தென்றலு, நான் விழுந்துட்டா என்னாம்மா பண்ணுவ?"

"விழுந்தா எந்திரிச்சு மறுபடியும் ஏறுவீங்க. அவ்ளோதான்."

"எந்திரிக்க முடியலன்னா?"

"அப்ப நான் பக்கத்துல வந்து உக்காந்துக்கறேன். ரெண்டு பேரும் டீ சொல்லிக் குடிக்கலாம்."

அந்த அம்மா சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள். இன்று அவர்களே தனியாக ஓட்டுகிறார்கள். என் மகள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். அவளை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அது உண்மையில்லை.

முதல் தடவை விழுந்தது என்னால் இல்லை. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்வதாக இருந்தாள். பெட்டி எல்லாம் கட்டி வைத்துவிட்டாள். கடைசியாக ஒரு சுற்று என்று கிழட்டுக் குதிரை ஒன்றின்மேல் ஏறிப் போனபோது அது கால் தடுக்கி மண்டியிட்டது. இவள் அதன் கழுத்துக்கு மேலே போய் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அந்தச் சில மாதங்களைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் அவளைத் தூக்கிவந்து வாசலில் நாற்காலியில் உட்கார வைப்பேன். மலை முழுசாகத் தெரியும். நான் குதிரைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அவள் அங்கிருந்தே இதற்குக் குளம்பு வளர்ந்திருக்கிறது, அதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மத்தியானம் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பேன். தலை வாரிவிடுவேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்னாப்பா பண்ணுவேன்" என்றாள். அவள் எங்கே போயிருக்கிறாள், எப்போது வருவாள் என்று நான் ஒருநாள்கூட யோசிக்கவில்லை. ராஜம்மாள் போன பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியது அப்போதுதான்.

கட்டைப் பிரிப்பதற்குள் சென்னையில் சேர்க்கை முடிந்துவிட்டது. இங்கேயே கல்லூரியில் சேர்ந்து படித்தாள். பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என்னிடம் காட்டவில்லை என்று நீங்கள் சொல்லலாம்.

குதிரையைப் பழக்குகிறவர்களுக்கு ஒன்று தெரியும். தற்செயலாக நடந்த ஒன்றில் குதிரைக்குச் சுகம் கிடைத்துவிட்டால் அது மறுபடியும் அதைத் தேடிப் போகும். தாழ்ப்பாளை ஒருநாள் மூக்கால் தள்ளித் திறந்துகொண்ட குதிரை அப்புறம் தினமும் தள்ளிப் பார்க்கும். நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

படிப்பு முடிந்து சில வருடம் என்னோடுதான் பள்ளியை நடத்தினாள். அப்புறம் பெங்களூரில் ஒரு பெரிய குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சியாளர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். "வாராவாரம் வந்துடுவேன்பா" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப்போல் ஆளை அடித்துப்போடுகிற வேலை வேறில்லை, மேடம். அதை இன்னொரு தடவை செய்ய எனக்குத் தெம்பில்லை.

அங்கவடியைச் சேணத்தோடு சேர்க்கிற தோல்வாரில் ஒரு தையல் உண்டு. அதில் பாதியை அறுத்துவிட்டேன். வெளியே தெரியாதபடி உள்பக்கம். அவள் கால் ஊன்றி எழும்பி ஓட்டும்போது மைதானத்தின் எந்த மூலையில் வாரின்மேல் பாரம் ஜாஸ்தியாக விழும் என்று எனக்குத் தெரியும். அந்த மூலையில் மண்ணை நன்றாகக் கொத்திவிட்டு, சலித்த மணல் கொட்டிவைத்தேன். பெரிய அடி படக் கூடாதே என்றுதான். தோள்பட்டை எலும்பு மட்டும் முறிந்தது. நான் நினைத்ததும் அதுதான். வாரை அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன்.

மறுபடியும் கஞ்சி, மறுபடியும் தலை வாருவது. பெங்களூர்க்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவள் ஒரு நாள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தேன். என்னால் ஆன சமாதானம் எல்லாம் சொன்னேன். உண்மையிலேயே எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு ஆதவன் வந்தான். கால்நடை மருத்துவர். செவ்வந்திக்குக் குளம்பில் சீழ் வைத்தபோது பார்க்க வந்தவன். செவ்வந்தி எங்கள் பெண் குதிரை, செம்மண் நிறம். குட்டியாக வாங்கிவந்து தென்றலே பழக்கியது. தீபத்துக் கூட்டம், மேளம், வெடி, குடை எதற்கும் அசையாது. குடைப் பயத்தைப் போக்குவதற்காகவே மாதக்கணக்கில் ஒரு கறுப்புக் குடையை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நடந்திருக்கிறாள். விரித்து, மூடி, மறுபடியும் விரித்து. கடைசியில் அந்தக் குதிரையின் முகத்துக்கு நேரே குடையை விரித்தாலும் கண்ணைக்கூடச் சிமிட்டாது.

குளம்பு ஆறிய பிறகும் ஆதவன் வந்துகொண்டிருந்தான். எனக்குப் புரிந்தது. நல்ல பையன். திருப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னான். அடுத்த வாரம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து பெண் கேட்டான். அவர்கள் போன பிறகு தென்றல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உன்ன உட்டுட்டுப் போறதா இல்ல. நீயும் எங்ககூட வந்துடு. அங்க லாயமே இருக்குதாம். நம்ம குதிரைங்களயும் கூட்டிட்டுப் போயிடலாம். ஆதவனே சொன்னாரு."

"ரெண்டு பேரும் சின்னஞ்சிறுசுங்க. நடுவுல நான் எதுக்கு?"

"நீ எதுக்குன்னு நான் எத்தினி வாட்டிப்பா சொல்றது? வான்னா வா."

பார்க்கலாம் என்று சொன்னேன். இதைக் கேட்டதும் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். அவள் கூப்பிட்டாளே, கூடவே போயிருக்கலாமே என்றுதானே நினைக்கிறீர்கள்? போயிருக்கலாம்தான். ஆனால் அது அவர்கள் வீடு. அங்கே நான் ஒரு ஓரமாக இருப்பேன். அவள் தலையை வாரிவிட அங்கே நான் தேவைப்பட மாட்டேன். மகளோடு இருப்பதும் மகள் வீட்டில் இருப்பதும் ஒன்றா, மேடம்?

தையலை அறுக்கிற வேலை இந்த முறை ஆகாது. தோள்பட்டை விவகாரத்துக்குப் பிறகு அவள் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். ஆகவே குதிரையைத்தான் பழக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கல்யாணச் சாமான் வாங்க அவள் மத்தியானங்களில் டவுனுக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் செவ்வந்தியை வெளியே கொண்டுவருவேன். அதை மிரட்டவில்லை, ஒரு அடிகூட அடிக்கவில்லை. அடித்துக் கற்றுக்கொடுத்தால் குதிரைக்குக் காதும் கண்ணும் மாறிவிடும். தென்றல் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். அதன் இடது பக்கம் நின்று குடையைப் படக்கென்று விரிப்பேன். கயிற்றை வலது பக்கம் சுண்டுவேன். அது வலது பக்கம் ஒரு எட்டு நகர்ந்தால் சட்டைப் பையிலிருந்து வெல்லம். அடுத்த தடவை இரண்டு எட்டு நகர்ந்தால்தான் வெல்லம். பிறகு துள்ளினால்தான். அப்புறம் சேணம் வைத்து, மேலே மணல் மூட்டையைக் கட்டி, ஓடுகிற ஓட்டத்தில் செய்ய வைத்தேன். குடை விரிந்தால் வலது பக்கம் பாய வேண்டும், பாய்ந்துவிட்டு நேராக என்னிடம் வர வேண்டும். கெட்டிக்காரக் குதிரை. என் வாழ்நாளில் நான் பழக்கியதிலேயே அவ்வளவு சுத்தமாக வந்த பாடம் வேறில்லை. அதை யாரிடமும் காட்டிக்கொள்ள முடியாதே என்றுகூட அப்போது ஒரு வருத்தம் இருந்தது.

நிச்சயம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறியிருந்தது. தென்றல் செவ்வந்தியை வேலி ஓரமாக நல்ல வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் வெயிலுக்குக் குடை விரிக்கப் போகிறவன் மாதிரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்தபோது விரித்தேன்.

குதிரை சொல்லிக்கொடுத்தபடியே செய்தது. என் மகள் உடனே விழவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த முதல் துள்ளலிலேயே மணலில் விழுந்திருப்பார்கள். அவள் சமாளித்துவிட்டாள். தொடையை இறுக்கி, பிடரியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் அதன்மேலேயே போனாள். அதற்குப் பிறகுதான் சரிந்தாள். அங்கே மணல் இல்லை. தாண்டிப் பழகுவதற்காகப் போட்டிருந்த மரக்கட்டை கிடந்தது. அதன்மேல் முதுகு பட விழுந்தாள். சத்தம் எனக்குக் கேட்டது.

செவ்வந்தி திரும்பி என்னிடம் வந்து நின்றது. முதலில் அதற்கு வெல்லத்தைக் கொடுத்தேன். சொன்னதைச் செய்த குதிரைக்கு அந்த நிமிடமே கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது குழம்பிப்போகும். கொடுத்துவிட்டுத்தான் தென்றலிடம் ஓடினேன்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று சொல்லிவிட்டார்கள். நேற்று நீங்கள் என்னிடம், "முதுகு ஒடையணும்னு நெனச்சித்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்று சொன்னேன். ஒரு கால், மிஞ்சிப்போனால் இடுப்பு. கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போகும், பையன் வேலையில் சேரப் போய்விடுவான், அதற்குள் மனசு மாறிவிடும். அவ்வளவுதான் என் கணக்கு என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இந்தத் தடவை நிறைய வேலை. படுக்கைப் புண் வராமல் புரட்ட வேண்டும். குழாய் மாற்ற வேண்டும். கால்களை நீட்டி மடக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் நர்சு அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. என் கை படாமல் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை.

ஆனால் முன்புபோல் இல்லை. அவள் பேசுவது கம்மியாகிவிட்டது. வாசலில் உட்கார வைத்தால் மலையைப் பார்க்காமல் லாயத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆதவன் திருப்பூருக்குப் போனான்தான், ஆனால் லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறி வந்துவிடுவான். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உன் வாழ்க்கைய நீ பாருப்பா. ஒருத்தரும் உன்னத் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றேன்.

"என் வாழ்க்கையத்தான் பாத்துட்டு இருக்கேன் மாமா" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

எல்லாரும் குதிரையைத்தான் திட்டினார்கள். ராசியில்லாத குதிரை, கொடுத்துவிடு என்றார்கள். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. கொண்டுபோக ஆள் வரச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டதும் தென்றல் வெகு நாளைக்குப் பிறகு குரலை உயர்த்தினாள்.

"செவ்வந்தி குடைக்கு மிரளாதுப்பா. அது எனக்குத் தெரியும். எதுக்கு மிரண்டுச்சுன்னு பாக்காம அத அனுப்பக் கூடாது."

சக்கர நாற்காலியில் வைத்து மைதானத்து ஓரம் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். தள்ளிக்கொண்டு போனேன். அவள் ஒன்றைக் கேட்டு நான் மறுத்ததில்லை. வெள்ளையம்மாளும் அன்று அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். செவ்வந்தியைக் கயிறு இல்லாமல் மைதானத்தில் விட்டோம். அது பாட்டுக்கு வேலியோரம் நின்று புல் கடித்துக்கொண்டிருந்தது. லேசாகத் தூறல் போட்டது. பிள்ளை நனைகிறாளே என்று வெள்ளையம்மாள் தன் குடையை விரித்தார்கள். குதிரைக்கு இடது பக்கமாக.

செவ்வந்தி வலது பக்கம் பாய்ந்தது. பாய்ந்துவிட்டு, காதை முன்னால் நீட்டிக்கொண்டு, அமைதியாக நடந்து நேரே என்னிடம் வந்தது. வந்து என் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டுத் துழாவியது.

நான் அசையாமல் நின்றேன். அசைந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தென்றல் குதிரையைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.

"அது உன் ஜேப்புல என்னா தேடுதுப்பா?"

"சும்மா. ஏதாவது திங்கக் கெடைக்குமான்னு பாக்குது."

"அக்கா, குடைய மூடிட்டு அதுக்கு வலது பக்கமாப் போய் விரிங்க" என்றாள் வெள்ளையம்மாளிடம். அவர்கள் விரித்தார்கள். குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப இந்தப் பக்கம்." பாய்ந்தது, என்னிடம் வந்தது, பையைத் துழாவியது. பை காலியாக இருக்கவே என் நெஞ்சில் ஒரு இடி இடித்தது, கொடு என்கிற மாதிரி.

வெள்ளையம்மாளுக்கு எதுவும் புரியவில்லை. "பாரேன், மிரண்டாலும் அப்பா கிட்டதான் ஓடியாருது" என்றார்கள். தென்றல் குதிரையின் பயிற்சியை அறிந்தவள். அவளுக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை. அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. தன் தோள்பட்டையை ஒரு கையால் தடவிக்கொண்டாள், அந்தப் பழைய முறிவு இருந்த இடத்தை. பிறகு, "அக்கா, என்ன உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே" என்றாள்.

ஆட்டோவில் ஏற்றுவதற்கு நான் தூக்கப் போனேன். "தொடாதப்பா" என்றாள். அந்த அம்மாவும் ஆட்டோக்காரரும் சேர்ந்து தூக்கினார்கள். தவறாகத் தூக்கினார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். குடையை எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். அவளைக் கொஞ்ச நாள் நான் பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஓடிப்போகிற ஆள் நான் இல்லை. வாசலில் ஒரு காவலரைப் போட்டுக்கொள்ளுங்கள். கோபம் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேறு யாருக்குத் தெரியும்? இடது பக்கம் ஜாஸ்தி நேரம் படுத்தால் இடுப்பில் சிவந்துவிடும். கஞ்சியில் உப்பு கம்மியாக இருக்க வேண்டும். வெள்ளையம்மாள் வீட்டில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? அவளுக்கு நான் வேண்டும், மேடம். இன்று கோபத்தில் வேண்டாம் என்பாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டு நீங்கள் சொல்கிறீர்கள். "உங்க பொண்ணு இப்ப வெள்ளையம்மாள் வீட்ல இல்லைங்க. காலையில அந்த டாக்டர் தம்பி ஆம்புலன்சோட வந்தாரு. திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. போகும்போது சிரிச்ச முகமாத்தான் போனாங்க."

தப்பான தகவலாக இருக்கும், மேடம். யாரையாவது அனுப்பி இன்னொரு தடவை விசாரிக்கச் சொல்லுங்கள். அவளால் போக முடியாது. எலும்பு ஒட்டிக்கொண்டால் மறுபடியும் கிளம்பிவிடுகிறாள் என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதானே, இந்த முறை முதுகு என்று முடிவு செய்தேன்.